மாத்திரைக்கு வைத்த பரீட்சை

கிடங்கில் அவனுக்கு இரட்டை என்று பெயர். இளவட்ட வயதில் பந்தயம் கட்டி, இரண்டு மூட்டையை ஒன்றாக முதுகில் ஏற்றிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறிக் காட்டினான். பந்தயத்தில் அவன் ஜெயித்தான், இடுப்பு தோற்றது. அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றைக்கும் போகவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"மேஸ்திரி, நாளைக்கு நான் வரல. பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

சாக்கு தைக்கிற ஊசியால் பல்லைக் குத்திக்கொண்டிருந்த மேஸ்திரி, வாயை மூடாமலே கேட்டார். "மறுபடியும் பரீட்சையா?"

"ஆமா."

"போன தடவ எவ்வளவு மார்க்கு?"

"மார்க்கெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"மார்க்கு சொல்லாத பரீட்சையா! நம்ம காலத்துல அப்படி ஒண்ணு இருந்திருந்தா நானும் படிப்பாளி ஆகியிருப்பேனே. உங்கிட்ட மாரடிச்சுட்டு நிப்பேனா?" சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி ஊசியைத் தொப்பியில் செருகினார். "சரி, பாப்பா படிச்சுடுச்சா?"

"தலைகீழா ஒப்பிக்குது," என்றான் இரட்டை. கொஞ்சம் கர்வமாகத்தான் சொன்னான்.

பாப்பாவுக்கு வயது இருபது. வீட்டில் குருவி என்று கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே எல்லாம் தாமதம்; நடையும் தாமதம், பேச்சும் தாமதம். ஒரு வேலை சொன்னால் செய்வாள். தண்ணீர் எடுத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டு வா என்று இரண்டாகச் சொன்னால் பாதி வழியில் நின்று கையைப் பிசைவாள். பலத்த சத்தம் ஆகாது, புது முகம் ஆகாது. கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர, தானாக யாரையும் எதையும் கேட்டதில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு இரட்டையும் அவன் பெண்டாட்டியும் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி கிடையாது. வளர வளரச் சரியாகிவிடும் என்றார் ஒருவர். வயிற்றில் இருக்கும்போது அம்மா என்னத்தைத் தின்றாளோ என்றார் இன்னொருவர். அதைக் கேட்ட பிறகு பெண்டாட்டி பல நாள் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை. தையல் மெஷின்முன் குனிந்தவள் குனிந்தவள்தான்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள். ரத்தம் எடுத்து அனுப்பி, முடிவு வந்ததும் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். மரபணுவில் ஒரு சின்னத் துண்டு விட்டுப்போயிருக்கிறது. யாரும் எதையும் தின்று வந்ததில்லை. லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராது.

"அவ்வளவு ஜனத்துல எங்க வீட்டு விலாசம் மட்டும் எப்படித்தான் கெடச்சுதோ அதுக்கு," என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டி அழுதாள். துக்கத்தில் வந்த அழுகை மாதிரி இல்லை அது. நோயின் பெயர் நீளமாக இருந்தது; இருவர் வாயிலும் நுழையவில்லை. ஆனாலும் அதற்கு ஒரு பெயர் இருந்தது, அது பெண்டாட்டியின் பெயராக இல்லை. அந்த ஒன்றுக்கே டாக்டரம்மா நடந்த பக்கம் கும்பிடத் தயாராக இருந்தான் இரட்டை.

போன வருஷம் டாக்டரம்மா புதிதாக ஒன்று சொன்னார். இந்த நோய்க்காகவே ஒரு மாத்திரை செய்து பார்க்கிறார்கள். நோய் போகாது. ஆனால் மூளைக்குள் சேதி போய்வருவது கொஞ்சம் சீராகலாம், நினைவும் கவனமும் கொஞ்சம் தேறலாம். 'லாம்'தான், நிச்சயம் கிடையாது. சில மாதம் ஒரு டப்பா, நடுவில் கொஞ்சம் ஓய்வு, பிறகு சில மாதம் இன்னொரு டப்பா; அவ்வப்போது கூப்பிட்டு நினைவைச் சோதித்துப் பார்ப்பார்கள். ஒன்றில் மருந்து இருக்கும். மற்றதில் அதே நிறத்தில், அதே வடிவத்தில், ஒன்றுமில்லாத மாத்திரை இருக்கும்.

"எதுல எதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதுதான் ஏற்பாடு."

குருவிக்கும் படம் போட்டு நிதானமாகச் சொன்னார். வேண்டாமென்றால் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம் என்றார். குருவி படத்தைத் தொட்டுப் பார்த்து, "சரி," என்றாள். அவளிடம் ஒரு டாக்டர் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி மோவாயில் கை வைத்தாள். "டாக்டருக்கே தெரியாதாமே! உனக்கும் ஒண்ணும் தெரியாது. நல்லாத்தான் சேர்ந்தீங்க ஜோடி."

முதல் டப்பா முடியும்வரை குருவியிடம் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது டப்பா தொடங்கிக் கொஞ்ச காலம் ஆகியிருக்கும். ஒரு பகலில் மழை பிடித்தது. பெண்டாட்டி மெஷினை விட்டு எழுந்து ஓடுவதற்குள், குருவி கொடியிலிருந்த துணியை வாரிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் சொல்லவில்லை. துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு, திரும்பிப் போய்க் கதவையும் சாத்தினாள். அன்றைக்கு இடுப்பு வலியோடு வீட்டில் படுத்திருந்த இரட்டை இரண்டு கண்ணாலும் பார்த்தான். எழுந்து உட்கார்ந்துவிட்டான். வலி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

பயமும் அன்றைக்குத்தான் தொடங்கியது. ஒன்றும் இல்லாதவரைக்கும் இழக்க ஒன்றும் இல்லை. இப்போது ஒன்று கையில் வந்திருந்தது.

அவனுக்குத் தெரிந்த உலகம் கிடங்கு. சரக்கு வாங்க வருகிறவனுடைய ஆள் குச்சியோடு வருவான். மூட்டையைக் குத்திப் பார்ப்பான். சரியில்லாததைக் கழிவு என்று ஒதுக்கித் தள்ளுவான். அதனால் ஆள் வருகிறான் என்று தெரிந்தால், நல்ல மூட்டையாகப் பொறுக்கி அடுக்கின் முன்வரிசையில் வைப்பார்கள். முகம் வைப்பது என்று அதற்குப் பேர். அதைத் தப்பென்று கிடங்கில் யாரும் நினைத்ததில்லை. வாசல் சுத்தமாக இருக்கட்டும் என்று பெருக்கி வைப்பதுபோலத்தான். இந்தப் பரீட்சையில் மகள் பின்தங்கினால் அவளையும் கழித்து ஒதுக்கிவிடுவார்கள், டப்பாவைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமல்தானே கிடங்கிலும் கழிக்கிறார்கள்.

எப்போதும் வெளியே காத்திருப்பவனுக்கு, போன தடவை குருவி சட்டையைப் பிடித்துக்கொண்டு விடாததால் உள்ளே சுவரோரம் உட்கார நேர்ந்தது. சோதனை செய்கிற பெண் ஒரு வரிசையாகச் சொற்களைப் படித்தாள். குருவி நினைவில் இருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சாவி, படகு, மேகம், ஊசி, குதிரை என்று போயிற்று அந்த வரிசை. குருவிக்குப் பாதிகூட வரவில்லை. இரட்டைக்கு எல்லாம் வந்தது.

வீட்டுக்கு வந்தவன் அட்டைப் பெட்டியைக் கிழித்துத் துண்டு போட்டான். கரியால் படம் வரைந்தான். அவன் வரைந்த குதிரையைப் பார்த்துப் பெண்டாட்டி, "இது என்ன, நாலு கால் போட்ட முக்காலியா?" என்றாள். ஆனால் அவளும் கூட உட்கார்ந்தாள். மெஷினை மிதித்துக்கொண்டே, "சாவிக்கு அப்புறம் என்னடி தங்கம்?" என்பாள். நாள் தவறாமல் சாயங்காலம் இதே வேலை. குருவிக்கும் பிடித்திருந்தது. அப்பா வேலை விட்டு வந்து காலை நீட்டுவதற்குள் அட்டைகளை எடுத்துக்கொண்டு வந்து மடியில் கொட்டுவாள்.

இன்னொன்றும் செய்தான். இரண்டாவது டப்பா வந்ததிலிருந்து குருவிக்குத் தூக்கம் சரியில்லை. புரண்டு புரண்டு படுப்பாள். சட்டைக் கையைக் கடிப்பாள். சாப்பாடும் குறைந்திருந்தது. போன தடவை சோதனைப் பெண் தூக்கம் எப்படி என்று கேட்டபோது, "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறாம்மா," என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் காலை, தலைவாரிப் பளிச்சென்று உடுத்திவிட்ட மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். சோதனை அறை சின்னது. ஒரு மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஜன்னலில் வெளிச்சம் கூசாதபடி திரை. வாசலில் 'சத்தம் வேண்டாம்' என்று எழுதிய பலகை. இரட்டை சுவரோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, சத்தம் வராதபடி நாற்காலிக்கு அடியில் தள்ளினான்.

"நான் சொல்றதக் கேட்டுட்டு, ஞாபகம் இருக்கறத சொல்லணும். சரியா?" என்றாள் சோதனைப் பெண்.

"சரி," என்றாள் குருவி.

"மணி. தொப்பி. ஆறு. விளக்கு. பூனை..."

இரட்டை வெடுக்கென்று தலையைத் தூக்கினான். இது வேறு வரிசை.

சோதனைப் பெண் படித்து முடித்தாள். குருவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் சிரிப்பு. "சாவி, படகு, மேகம், ஊசி, குதிரை..." கடகடவென்று ஒன்று விடாமல் ஒப்பித்து முடித்தாள். முடித்துவிட்டுத் தனக்குத் தானே கையும் தட்டிக்கொண்டாள். வீட்டில் அப்படித்தான் பழக்கம்.

சோதனைப் பெண்ணின் பென்சில் நின்றது.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"அப்பா. அட்டை," என்றாள் குருவி. ஒளித்துவைக்க அவளுக்குத் தெரியாது.

சோதனைப் பெண் இரட்டையைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். கிடங்கில் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள், இவள் கத்தவில்லை. அதுதான் தாங்கவில்லை. பென்சிலை மெதுவாக மேஜையில் வைத்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

குருவி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டல் நின்றது. பிறகு மேஜைமேல் சாய்ந்து கேட்டாள்.

"அக்கா, கோவமா?"

"இல்லடா கண்ணு."

"ஏன் சிரிக்கல?"

இரட்டை நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். இருபது வருஷமாக அவன் வீட்டில் 'ஏன்' என்று கேட்டதெல்லாம் மற்றவர்கள்தான். அட்டையில் அந்தச் சொல் இல்லை. அதற்கு எப்படிப் படம் போடுவது? சோதனைப் பெண்ணுக்கும் ஏதோ தட்டியிருக்க வேண்டும். ஒரு நிமிஷம் குருவியையே பார்த்தாள். பிறகு நிஜமாகவே சிரித்தாள். பென்சிலை எடுத்து அதையும் எழுதிவைத்துக்கொண்டு, டாக்டரம்மாவைக் கூப்பிடப் போனாள்.

டாக்டரம்மாவின் அறையில் இரட்டை உட்காரவில்லை. உட்காரச் சொல்லியும் நின்றான்.

"யாரோட யோசனை இது?"

"வீட்டுக்காரியும் கூட... இல்லம்மா. என்னோடதுதான்."

"எதுக்கு?"

"பின்தங்கிட்டா எடுத்துருவீங்கன்னுதாம்மா. எங்க வேலையில ஆள் பாக்க வந்தா நல்ல மூட்டைய முன்னாடி வைப்போம். அந்த மாதிரி ஒரு... ஒரு இதுல செஞ்சுட்டேன். உங்களுக்கும் கெட்ட பேரு வரக் கூடாதுன்னு."

"எனக்கா?"

"இவ்வளவு செய்யறீங்க. எங்க பொண்ணு ஒண்ணுமே சொல்லலன்னா உங்களுக்குத்தானே அசிங்கம்."

டாக்டரம்மா கோபப்படத்தான் வாயைத் திறந்தார். என்னமோ நினைத்து மூடிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உக்காருங்க முதல்ல. நின்னா என்னால பேச முடியல. இங்க பாருங்க, பரீட்சை உங்க பொண்ணுக்கு இல்ல. மாத்திரைக்கு. அவ ஒரு வார்த்தகூடச் சொல்லலன்னாலும் அவமேல தப்பு கிடையாது. பெயிலாகறதா இருந்தா மாத்திரைதான் பெயிலாகணும். நீங்க அட்டை போட்டுச் சொல்லிக் குடுத்துட்டா, மார்க்கு வாங்கறது மாத்திரையா, அட்டையா? நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

இரட்டை நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"ஒண்ணுக்கும் உதவாத மாத்திரைய உங்க அட்டையப் பாத்துட்டு நல்ல மாத்திரைன்னு எழுதிட்டோம்னு வைங்க. இதே மாதிரி இன்னொரு பொண்ணு எங்கயோ இருக்கா. அவளுக்கும் ஒரு அப்பா இருக்காரு. அவ அத வருஷக்கணக்கா முழுங்குவா. அவரு தினம் எழுந்து, இன்னிக்கு ஏதாச்சும் மாறுமான்னு அவ முகத்தையே பாத்துட்டு இருப்பாரு."

அந்த மனிதனை இரட்டைக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குக் கிளம்பும்முன் மகள் முகத்தை உற்றுப் பார்க்கிறவன். இத்தனை நாளும் அவனாகவே இருந்தவன். அவன் தலையில் கழிவு மூட்டையை ஏற்றிவிடத்தான் இவ்வளவு பாடும் பட்டிருக்கிறோம் என்று பட்டபோது, அவன் காதெல்லாம் சுட்டது.

மகளை எடுத்துவிடுவார்களா என்ற பயம் அப்போதும் போகவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு போய்விடலாம். அட்டைக்கே இந்தப் பாடு. இன்னொன்றையும் சொன்னால் நிச்சயம் நிறுத்திவிடுவார்கள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தான். வெளியே பெஞ்சில் குருவி சோதனைப் பெண்ணின் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் இருக்கும்மா," என்றான். "அவ தூங்கறதில்ல. இந்த டப்பா வந்ததுலேந்து. நல்லாத் தூங்கறான்னு போன தடவ பொய் சொல்லிட்டேன். சட்டையக் கடிக்கறா. சாப்பாடும் குறைஞ்சு போச்சு."

டாக்டரம்மா நிமிர்ந்தார். திட்டு வரும் என்று தோளை இறுக்கிக்கொண்டு இருந்தான். வரவில்லை. எப்போது படுக்கிறாள், எப்போது எழுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். குருவியை உள்ளே கூப்பிட்டு எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இதச் சொன்னதுக்கு நன்றிங்க," என்றார் கடைசியில்.

இரட்டை நிமிர்ந்து பார்த்தான். நன்றி சொல்ல வேண்டியவன் அவன். முறை மாறிப்போய் அவர் சொல்லிவிட்டார்.

"அப்ப நிறுத்திருவீங்களாம்மா?"

"இப்ப பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. சாயங்காலம் குடுக்கறத இனிமே காலையில குடுங்க, இந்தச் சோதனை விதியிலயே அதுக்கு இடம் இருக்கு. தூக்கம் இன்னும் கெட்டா உடனே கூப்பிடணும். ஆனா நடந்தத மேல சொல்லியே ஆகணும். ஒரு குழு இருக்கு, அவங்கதான் முடிவு பண்ணணும். நான் மறைக்க மாட்டேன்."

"மறைக்காதீங்கம்மா," என்றான் இரட்டை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னான். பெண்டாட்டி மெஷினை நிறுத்திவிட்டுத் திட்டினாள். "அன்னிக்கே நான் சொன்னேன், அந்தக் குதிரையப் பாத்தா யாரும் ஒத்துக்க மாட்டாங்கன்னு." அவள் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. திட்டி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "நெசமாவே ஏன்னு கேட்டாளா? எங்கிட்ட ஒரு தடவ கேக்கச் சொல்லேன்."

"கேக்கச் சொன்னா அது மறுபடியும் அட்டைதான்டி. சும்மா இரு."

அவள் சும்மா இருந்தாள். அதாவது, குருவியின் பக்கத்தில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். குருவி அவளுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாளே தவிர ஒன்றும் கேட்கவில்லை.

மாத்திரையைக் காலைக்கு மாற்றியதில் தூக்கம் கொஞ்சம் கூடியது. முழுசாக இல்லை, ஆனால் கடிபடும் சட்டைக் கைகள் குறைந்தன. குழுவின் முடிவுதான் வரவில்லை. இரட்டை போனைச் சட்டைப் பையில் வைக்காமல் இடுப்புத் துண்டில் முடிந்துகொண்டு மூட்டை சுமந்தான். அடித்தால் உடம்பில் தெரிய வேண்டுமே. மேஸ்திரி கேலி செய்து பார்த்தார், இவன் பதிலுக்குப் பேசாததால் விட்டுவிட்டார். பிறகு அவராகவே இவனைப் பலகை ஏறும் வேலையிலிருந்து எடுத்து, கீழே எடை போடும் பக்கம் நிறுத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. போன் வந்தால் அங்கே நின்று பேசலாம் என்று இரட்டையே புரிந்துகொண்டான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. கையெல்லாம் மாவுத் தூசி. முழங்கையால் அமுக்கப் பார்த்து முடியாமல், மூக்கால் அமுக்கினான்.

"குருவி தொடரலாம்," என்றார் டாக்டரம்மா, எடுத்த எடுப்பிலேயே. காத்திருந்தவனை மேலும் காக்கவைக்க அவருக்கும் மனசில்லை போல. "அன்னிக்கு எடுத்த வார்த்தை மார்க்கு மட்டும் கணக்குல சேராது. தூக்கம் பத்தி நீங்க சொன்னது சேந்திருக்கு. இந்த மாத்திரை குடுக்கற மத்த ஊர்லயும் எல்லா வீட்டுலயும் அதத் திரும்ப விசாரிக்கச் சொல்லியிருக்காங்க."

"சரிங்கம்மா."

"இனிமே உள்ளது உள்ளபடி. நல்லதும் கெட்டதும்."

"சரிங்கம்மா. சரிங்க." மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். "அவ ஏன்னு கேட்டாளே, அது கணக்குல வருமாம்மா?"

"வரும். அந்தப் பொண்ணு அன்னிக்கே எழுதி வச்சுட்டா."

"அது மாத்திரையாலதானா?"

"தெரியாதுங்க. எல்லாரும் முடிச்ச பிறகுதான் எது எந்த டப்பான்னு பாப்போம். அது வெறும் டப்பாவாக்கூட இருக்கலாம். எதுக்கும் மனசத் தயாரா வச்சுக்குங்க."

இரட்டை கிடங்கு வாசலைப் பார்த்தான். லாரி ஒன்று பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. வெறும் டப்பாவாக இருந்தால் இருக்கட்டும். அவள் கேட்டாள். எதனால் கேட்டாள் என்று கண்டுபிடிக்க இத்தனை படித்தவர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் மகளுக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். லட்சத்தில் ஒருத்திக்கு.

இதற்கு என்ன சொல்வது? நன்றி என்ற சொல் அவன் வாயில் பழகாத சொல். சொன்னாலும் யாரோ பேசுவது போல இருக்கும். தன்னிடம் இருப்பது என்ன என்று யோசித்தான்.

"டாக்டரம்மா, உங்க வீட்டுல ஏதாச்சும் கனமான சாமான் இருந்தா சொல்லுங்க. தூக்கி எந்த மாடியில வேணா வச்சுத் தரேன். எப்ப கூப்பிட்டாலும் வரேன்."



"அப்படியெல்லாம் உங்ககிட்ட நான் எதுவும் வாங்கிக்கக் கூடாதுங்க. விதி இருக்கு."

"வாங்கறது இல்லம்மா. தூக்கறதுதான்."

"அதுவும் கூடாது."

"ஒரு பீரோகூடவா?"

"பீரோவும் கூடாது," என்றார் டாக்டரம்மா. அவர் சிரிப்பது, பின்னால் வந்துகொண்டிருந்த லாரிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

போனை வைத்துவிட்டு, பெண்டாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் பக்கம் தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது. அவள் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு, போனுக்காக இனி அங்கே நிற்க வேண்டியதில்லை என்று, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, எடை போடுகிற இடத்தை விட்டு, லாரிப் பலகைப் பக்கம் நடந்தான்.